வாய்க் கண்ணாடி

மேட்டுப்பாளையம் தாண்டி நாலாவது வளைவில்
எனக்குக் காது அடைத்தது.
மடியில் தெர்மோகோல் பெட்டி.
உள்ளே பிளாஸ்டிக் பை
தூத்துக்குடிக் காற்றை அடக்கமாட்டாமல்
உப்பிக்கொண்டே வந்தது.
கோத்தகிரியில் இறங்கும்போது தட்டினால் மேளம்.

"மெர்ட்டென்சிதான் டாக்டர், கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க"
என்றிருந்தார் கிராசியான் ரோச்.
பில்லில் மட்டும்
கம்பளக் கடல்சாமந்தி, பச்சை, ஒன்று.

கிளினிக்குக்கு மேலே என் மாடி.
ஊற்றுத் தண்ணீரில் கிலோக் கணக்கில் உப்புக் கரைத்து
ஆறாயிரம் அடி உயரத்தில்
நான் வளர்க்கும் முழங்கால் அளவுக் கடல்.

மெர்ட்டென்சி பாறையில் காலூன்றும்.
பாறைமேல் வைத்தேன்.
இது ஊன்றவில்லை.
விளிம்பைச் சுருட்டிக்கொண்டு
வாடகை வீட்டில் முதல் ராத்திரி மாதிரி
மூட்டை பிரிக்காமல் உட்கார்ந்திருந்தது.

கையுறை விரலால் தொட்டேன்.
பிளாஸ்திரி போல ஒட்டி
மனமில்லாமல் விட்டது.
இப்படி ஒட்டுகிறதே, ஜைஜாண்டியாவோ?
அதற்குக் கொம்புகள் நீளம், சும்மாவே நடுங்கும் என்கிறார்கள்.
இதற்குக் குட்டை, நுனி உருண்டை,
கவாத்து வெட்டிய தேயிலைத் தோட்டத்தை
எதிர் மலையிலிருந்து பார்ப்பது போல.

பேர் மேலே எழுதியிருக்காது.
அடிப்பக்கம் மருக்கள் இருக்கும்,
அவற்றின் நிறம்தான் ஜாதகம்.
ஆரஞ்சு என்றால் ஒரு பேர், ஊதா என்றால் இன்னொன்று,
தோலின் நிறமேயென்றால் ஹடோனி.
அடிப்பக்கமோ பாறையைப் பார்த்து.

பல் பார்க்கும் கண்ணாடியைக் கொதிக்கவைத்துத்
தண்ணீருக்குள் விட்டேன்.
பெள்ளிராஜ் டார்ச் பிடித்தான்.
உடம்பே வாயான ஒன்றின் முன்
என் பதினொரு வருஷம் செல்லவில்லை.
பிடித்துப் பேச ஒரு பல்லாவது வேண்டாமா.
"கொஞ்சம் ஆ காட்டச் சொல்லுங்க டாக்டர்" என்றான்.
கண்ணாடியில் தெரிந்தவை
என் மூக்குத்தி, டார்ச் வெளிச்சம், கொஞ்சம் தூசு.

கன்னேரிமுக்கிலிருந்து கடைவாய்ப் பல்லுக்கு வந்த மாதியம்மா
மாடியேறி எட்டிப் பார்த்து,
பாதி மரத்த வாயால்,
"சாமந்திங்கறீங்க, காளான் மாதிரியில்ல இருக்கு.
வறுக்கலாமா?"

ஐப்பசி மழை. ஏழு மணிக்குக் கரண்ட் போனது.
பதினொன்றுக்கு இன்வெர்ட்டர் படுத்தது.
இருபத்துநாலு, இருபத்திரண்டு, இருபது.
வெந்நீர் பாட்டில்களை மிதக்கவிட்டேன்.
கம்பளத்துக்குக் கம்பளி போர்த்தினேன்,
சிரிக்க அப்போது நேரமில்லை.

மூன்று மணிக்குக் கம்பளியை விலக்கினால்
பாறை காலி.
எதையும் பிடிக்காமல் மிதந்து வந்து
முன்பக்கக் கண்ணாடியில் பாதத்தை அப்பிக்கொண்டு
விளிம்பு தொங்க நின்றது,
ஐந்து வாரமாகக் கெஞ்சியும் காட்டாததை
முகத்துக்கு நேரே காட்டியபடி.
டார்ச் அடித்தேன்.
மருக்கள். தோலின் நிறம்.
வரிசை வரிசையாகத் தோலின் நிறம்.

ஹடோனி.
மணலில் கால் புதைத்து வாழ்கிற ஜாதி.
அதை ஐந்து வாரம்
யாரோ ஒருத்தர் பேரில்
யாரோ ஒருத்தர் வீட்டில் வைத்திருந்திருக்கிறேன்.

இருட்டிலேயே பாறைகளை எடுத்தேன்.
மூட்டையில் மிச்சமிருந்த மணலெல்லாம் கொட்டினேன்.
முழங்கைக்கு மேலும் உப்பு.
ஆறு மணிக்கு ஹீட்டரில் சிவப்புப் பொட்டு திரும்பியது.
மறுநாள் சாயங்காலம்
மணலுக்குள் கால் போயிருந்தது,
விளிம்பு அலையலையாய் விரிந்து
தொட்டியின் பாதியை எடுத்துக்கொண்டது.

போனில் கிராசியான் கொஞ்ச நேரம் இருமினார்.
"எதுவானாலும் ரேட் ஒண்ணுதான் டாக்டர்."

கேஸ் ஷீட் ஒன்றில் ஹடோனி என்று எழுதி
வயதுக்கு நேரே கேள்விக்குறி போட்டுத்
தொட்டிமேல் ஒட்டினான் பெள்ளிராஜ்.

விளிம்பருகே இரண்டு மருக்கள் மட்டும்
அன்றைக்கு லேசாக ஆரஞ்சு.
டார்ச்சில் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது, அதனாலும் இருக்கலாம்.
அவனிடம் சொல்லவில்லை.
இனி மணலைத் தோண்டியா பார்ப்பது.